தட்டுகிற சத்தம்

ஏர் ஃபில்டரை உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். தூசி விழவில்லை.

திருப்பிப் போட்டுத் தட்டினேன். ஒரு சிட்டிகைகூட விழவில்லை. எப்படி விழும்? நேற்றுத்தான் இதே ஃபில்டரை நானே தட்டி, காற்றடித்துக் கொடுத்திருந்தேன்.

"எதுக்குடி அந்த டிரைவர் தினமும் வர்றான்?"

அத்தை தொட்டிலை ஆட்டியபடியே கேட்டார். எங்கள் வீட்டுக்கும் டிராக்டர் பட்டறைக்கும் ஒரே தகரக் கூரைதான். பட்டறையில் யாராவது தும்மினால் தொட்டிலில் பாப்பா விழித்துக்கொள்வாள். வீட்டுக்காரர் வெளியே ரிப்பேருக்குப் போனால் ஃபில்டர் வேலை என்னுடையது. "கையில தட்டு, கட்டையால அடிச்சுடாத, காகிதம் கிழிஞ்சா போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

"ஃபில்டர்ல தூசின்னு சொன்னாரு அத்தை."

"தூசியா? உன் மடியைப் பாரு. மாவு சலிச்சாக்கூட இதைவிட அதிகமா விழும்."

எனக்குக் காது சுட்டது. அந்த டிரைவர் அண்ணன் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. வருவார். ஃபில்டரைக் கழற்றிக் கொடுப்பார். "மெதுவா பண்ணுங்க தங்கச்சி, அவசரமே இல்ல" என்பார். பட்டறைக்குப் பின்பக்கம் போய்விடுவார். அவ்வளவுதான்.

"மத்த டிரைவரெல்லாம் சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை வாங்குறான். இவனுக்கு மட்டும் அவசரமே இல்லையாம். தங்கச்சியாம்! இன்னிக்கு அவன் முதலாளி வரட்டும், நேரா சொல்லிடறேன்."

"வேணாம் அத்தை, பாவம், வேலை போயிடும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓ! கவலை எல்லாம் பலமா இருக்கே!"

அத்தை துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். இன்றைக்கு என் மானம் சந்தி சிரிக்கப் போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இதோ கத்துவார், இதோ கத்துவார் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

திரும்பி வந்தவர் கையில் துடைப்பம் இல்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. தொட்டிலில் இருந்த பாப்பாவின் சின்னத் தலையணையை உருவிக்கொண்டு மறுபடி பின்பக்கம் போய்விட்டார்.

இது என்ன கூத்து என்று யோசிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. முதலாளியேதான்.

"என் வண்டி ஏன் இங்க நிக்குது? உழவு பாதியில கிடக்கு. எங்க அவன்?"

வெளி ஆட்களிடம் எனக்குப் பேச்சே வராது. பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, அத்தை வந்தார்.

"வாங்க முதலாளி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

தொலைந்தது என்று நினைத்தேன்.

"உங்க வண்டிக்கு மூச்சு முட்டுது."

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "என்னம்மா சொல்றீங்க?"

"ஃபில்டர் பூரா அடைச்சுக் கிடக்கு. இப்படியே ஓட்டினா இன்ஜின் அதோகதிதான்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கூரையைப் பார்த்தார்.

"ஐயையோ! அது எனக்குப் புள்ள மாதிரிம்மா. வாயில்லா ஜீவன். மூச்சு வாங்குது, கொஞ்சம் நிறுத்துன்னு அதுவா வந்து கேக்கும்? நாமதான் பார்த்து நடந்துக்கணும்."

"உங்க டிரைவருக்கு வாய் இருக்குல்ல? அவன் கேட்டிருப்பானே."

"அவனா! வாயைத் திறந்தா லீவுதான் விழும். ராத்திரியெல்லாம் நம்ம வண்டியை வாடகைக்கு ஓட்டினேன், கண்ணு சொருகுது, கொஞ்சம் படுத்துக்கிறேன்னு நேத்துக்கூட வந்து நின்னான். படுக்கணும்னா வீட்டோட படுத்துக்கோ, வேற ஆள் பார்த்துக்கிறேன்னுட்டேன். இப்ப எங்க போய்த் தொலைஞ்சான்?"

"நான்தான் போல்ட் வாங்கிட்டு வர அனுப்பினேன். வர நேரமாகும்."

"சரி, வரட்டும். ஏம்மா பொண்ணு, ஃபில்டர் ரொம்ப மோசமா?"

என் கையில் அது புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தது. முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டேன்.

"ரொம்ப... அழுக்குங்க."

"பொறுமையா பண்ணு. இன்ஜின் நல்லா இருந்தாப் போதும். நான் கார்ல உக்காந்திருக்கேன். தட்டுற சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

கார் சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டார். கண்ணாடியை மட்டும் இறக்கியே வைத்திருந்தார்.

ஃபில்டரைச் சும்மா சும்மா தட்டினால் கிழிந்துவிடும். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கட்டையை எடுத்துப் பலகையில் தட்டினேன். டொக். டொக். டொக். கார் பக்கமிருந்து, "அப்படித்தான், நல்லா தட்டு!" என்று குரல் வந்தது.

முதலாளியிடம் பேசிவிட்டு மறுபடி பின்பக்கம் போன அத்தை திரும்பவே இல்லை. தலையணை இல்லாமல் பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். கட்டையைக் கீழே போட்டுவிட்டு அங்கே போய் எட்டிப் பார்த்தேன்.

சாக்கின்மேல் டிரைவர் அண்ணன் அடித்துப் போட்ட மாதிரி கிடந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் தலைக்கடியில் பாப்பாவின் தலையணை. பக்கத்தில் அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார். இந்த அத்தையைப் போய் நான் இவ்வளவு நேரமாக...

"அடியே, சத்தம் நின்னுபோச்சு பாரு! ஓடிப்போய்த் தட்டு!"