கட்டைவிரல் கீழே

"யாருடா இந்த 'வழிப்போக்கர்'? கையில கிடைச்சான், தொலைஞ்சான்!"

யுகேந்திரன் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் தொப்பென்று போட்டான். அவன் மனைவி தாமரை தட்டில் சோற்றை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குழம்புச் சட்டியை எடுக்கப் போனாள்.

கேட்காவிட்டால் என்ன, புலம்ப அவனுக்கு வாய் இருந்தது.

கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் அவனுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. மற்ற நேரமெல்லாம் எழுத்தாளன். சொந்தமாக ஒரு வலைப்பூ வைத்திருந்தான். முதல் வருஷம் முழுக்க அதைப் படித்தது அவன் ஒருவன்தான். அதுவும் பிழை திருத்த.

பிறகுதான் பிரிக்பீல்ட்ஸ் பாலன் வழி காட்டினார். அவரும் வலைப்பூக்காரர்.

"எழுதினா மட்டும் பத்தாது பாஸ். 'செய்திச்சந்தை'ன்னு ஒரு இணையதளம் இருக்குல்ல, அங்க கொண்டு போய் லிங்க் போடுங்க. பிடிச்சவங்க கட்டைவிரலை மேலே காட்டுவாங்க. மேல்விரல் கூடக் கூட உங்க பதிவு முதல் பக்கத்துக்கு ஏறும். ஊரே உங்க வலைப்பூவுக்கு வரும்லா!"

"பிடிக்காட்டி?"

"கீழே காட்டுவாங்க. அதுக்குத்தான் நம்ம வாட்ஸ்அப் குரூப் இருக்கே. நீங்க எங்களுக்குப் போடுங்க, நாங்க உங்களுக்குப் போடுறோம்."

அன்றிலிருந்து யுகேந்திரனின் கட்டைவிரலுக்கு ஓய்வே இல்லை. லிஃப்டில், டீக்கடையில், கோயில் வரிசையில்... குரூப்பில் லிங்க் வந்தால் போதும். ஒரு மேல்விரல், ஒரு 'அருமை', இரண்டு கும்பிடு.

ஆனால் இந்த வாரம் அவன் போட்ட பதிவு, மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. தலைப்பு: 'என் மனைவியிடம் நான் கண்ட நல்ல குணங்கள்'. சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்தே அவசரமாக ஏற்றினான். லிங்கைச் சந்தையில் போட்டான், குரூப்பில் போட்டான், தாமரைக்கும் அனுப்பினான்.

மாலைக்குள் முதல் பக்கம்!

வீட்டுக்கு வந்ததும் ஆசையாகக் கேட்டான். "படிச்சியா?"

"பார்த்தேன்" என்றாள் தாமரை.

அவ்வளவுதான். அதற்கப்புறம் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. நாளெல்லாம் பஸ் ஓட்டிக் களைத்து வருகிறாள், பாவம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது இந்த வழிப்போக்கர் வேறு. அத்தனை மேல்விரலுக்கு நடுவில் ஒரே ஒரு கீழ்விரல். கூடவே ஒரு கருத்து: 'இதில் ஒன்றுமே இல்லை.'

"ஒண்ணுமே இல்லையாம்! பொறாமை பிடிச்சவன். மத்தவங்க என்ன சொல்லியிருக்காங்க கேளு. பாலன், 'ஒவ்வொரு வரியும் முத்து.' நாச்சியப்பன் அண்ணன், 'கடைசிப் பத்தியில் கண் கலங்கிவிட்டது.' காஜாங் அமுதவள்ளி டீச்சர், 'என் கணவருக்கும் படித்துக் காட்டினேன்'..."

"அவங்க எல்லாரும் படிச்சாங்களா?"

"படிக்காமலா கண் கலங்கும்?"

தாமரை கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "எனக்கும் படிச்சுக் காட்டுங்க. உங்க வாயால கேக்கணும்."

அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு லிங்கைத் தட்டினான்.

தலைப்பு வந்தது. அதன் கீழே அவன் பெயர் வந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மிச்சமெல்லாம் வெள்ளை.

"என்னது இது... ஆபீஸ் லைன் பாதியில அறுந்திருக்கு. தலைப்பு மட்டும் ஏறியிருக்குலா!"

"என் நல்ல குணங்கள்னு தலைப்பு. கீழே ஒண்ணுமே இல்ல." தாமரை அந்த வெள்ளைப் பக்கத்தைச் சுட்டிக் காட்டினாள். "டிப்போல லெட்சுமி அக்காவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் திறந்தேன், பெருமையா. அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நீங்க வேணும்னே கேலி பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ தாமரை! சத்தியமா எழுதினேன்!"

ஓடிப்போய் மடிக்கணினியைத் தூக்கிவந்து, நின்றுகொண்டே படித்தான்.

நாற்பது வயதுக்கு மேல் பஸ் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பியவள். அடுக்களையில் சட்டி மூடியை ஸ்டீயரிங்காகப் பிடித்து வளைத்து வளைத்துப் பழகியவள். முதல் டெஸ்டில் தோற்று வந்த அன்று, 'உனக்கு எதுக்கு இந்த வேலை' என்று அவன் சிரித்தான். மறுநாளே போய் மறுபடி பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

'அவள் ஓட்டும் பஸ் எங்கள் ஆபீசைத் தாண்டும்போதெல்லாம் நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். அவளுக்கு இது தெரியாது' என்று முடிந்தது பதிவு.

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜன்னலுக்கா வர்றீங்க?"

"தினமும்."

"கிராணி வேலை எப்ப பார்க்கறீங்க?" என்று சிரிப்பை அடக்கினாள். "சரி, ஏத்துங்க. இந்தத் தடவை முழுசா."

ஏற்றினான். கடைசி வரி வரைக்கும் வந்திருக்கிறதா என்று தானே திறந்தும் பார்த்துக்கொண்டான். தாமரை தன் கைப்பேசியோடு அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள்.

சற்று நேரத்தில் அவன் கைப்பேசி சிணுங்கியது. செய்திச்சந்தையில் வழிப்போக்கர் தன் கீழ்விரலை எடுத்துவிட்டு மேல்விரல் காட்டியிருந்தார். கருத்தும் மாறியிருந்தது: 'ஜன்னலில் சும்மா நின்றால் போதாது. கையும் காட்டவும்.'

யுகேந்திரன் அடுக்களையை எட்டிப் பார்த்தான்.

அந்தச் சந்தை முழுக்கத் தேடினாலும், பதிவைத் திறந்து பார்த்துவிட்டு விரல் காட்டியவள் அவள் ஒருத்திதான். இரண்டு தடவையும்.