எந்தத் தாளுக்கு?

முத்தையாபுரம் சமுதாயக்கூடத்தில் மின்விசிறி கடகடக்கிறது. தூய்மைப் பணியாளர் முத்துச்செல்வியின் முதுகில் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறாள். மேசையில் உப்புக்காற்றுக்குப் படபடக்கும் இரண்டு தாள்கள். ஒன்றில் ஃபிட் என்று எழுதினால்தான் நாளைக்கு வேலை. மற்றதில் வீசிங் இருக்கிறது என்று எழுதினால்தான், அரசுக் குடியிருப்புக் குலுக்கலில் விழுந்த மூன்றாம் மாடி வீட்டை மாற்றித் தரைத்தளத்தில் தருவார்கள். இரண்டிலும் கையெழுத்துப் போடப்போவது இதே டாக்டரம்மாவின் பேனாதான். “மூச்ச நல்லா இழுத்து விடுங்கக்கா.” முத்துச்செல்வி இழுக்கிறாள். தொண்டைக்கு ஏறிவரும் விசில் சத்தத்தைப் பல்லைக் கடித்து நிறுத்துகிறாள். நீலச் சீருடையின் பொத்தானை விரல்கள் திருகுகின்றன. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். “ஏங்க்கா மூச்ச அடக்குதீங்க?” முத்துச்செல்வி திரும்பாமலே, மெதுவாகக் கேட்கிறாள்: “இப்ப எந்தத் தாளுக்கும்மா பாக்கீய?”