அதிகப்படி ஆள்

இருபத்து நான்கு வயதில் திடீரென்று எனக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. ஆபீசில் மேனேஜர்கூட இரண்டு. ஒருவரிடம் திட்டு வாங்கவே எனக்குத் தெம்பில்லை.

கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். "இதப் போட்டா, அதிகப்படியா தெரியறது மறைஞ்சிடும்."

மறைந்தது. மேனேஜர் ஒருவரானார். குளியலறைக் கண்ணாடியில் மட்டும் நான் இன்னும் இரண்டு பேர். பின்னால் நின்றவன் மூக்குக்கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

முகம் கழுவ என்னுடையதைக் கழற்றி வைத்தேன். நிமிர்ந்தபோது அதை அவன் போட்டிருந்தான். நான் நின்ற பக்கம் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டினான்.

"இப்ப எப்படிடா இருக்கு?" வாசலிலிருந்து அம்மா கேட்டாள்.

"சரியாயிடுச்சும்மா," என்றான் அவன். "ஒரு ஆள்தான் தெரியுது."