அடிபட்டவர் வேடம்

நிலக்கரிச் சுரங்கத்தின் பாதுகாப்பு வார விபத்து ஒத்திகையில் அடிபட்டவராக நடிக்க ஏழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஏழு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள்.

தொழிலாளர்களிடம் இவ்வளவு விழிப்புணர்வா என்று சேஃப்டி ஆபீசர் செந்தில்நாதன் பூரித்துப்போனார்.

வடக்குத்து ஊர்க்காரன் தனகோட்டி எட்டாவதாக வந்து நின்றான், விலாவைக் கையால் பிடித்தபடி. ஏழு பேரும் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்கள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தவன்கூட மறுபேச்சில்லாமல் விலகிக்கொண்டான்.

நேற்றுக் காலை ஷிப்டில் கன்வேயரிலிருந்து ஒரு கரிக்கட்டி எகிறி வந்து தனகோட்டியின் விலாவில் அடித்தது. அதிலிருந்து மூச்சை இழுத்தால் உள்ளே எதுவோ குத்துகிறது.

"வூட்டுல வழுக்கி வுழுந்துட்டன்னு சொல்லிக்கினு போய்க்கினே இரு" என்று நேற்றே சொல்லிவிட்டார் மேஸ்திரி ராஜாங்கம். "பதினோரு வருசமா விபத்தே இல்லன்னு நாளைக்கு அவார்டு குடுக்கறாங்க. உன் விலா வந்து கெடுக்கணுமா?"

நடக்காத விபத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க மாட்டார்கள். ஒத்திகையில் அடிபட்டவனை மட்டும் ஆம்புலன்ஸ் நேராக அங்கே கொண்டுபோகும்.

பர்மனென்ட் ஆட்கள் போடும் ஹெல்மெட் ஒன்றை மாட்டி, சுரங்கத்தின் விளிம்பில் அவனைப் படுக்க வைத்தார்கள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடும் முன் ஜெனரல் மேனேஜர் கோபாலகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். அதிகைநாதன் மைனிங் கம்பெனியின் வரலாறு, வழவழப்பான தாளில், முந்நூறு பக்கம். நல்லவேளையாகச் சுருக்கமாக வாசித்தார்.

முதல் குழியில் மண் சரிந்தபோது ஒன்பது பேர் "நிறுவனத்துக்குத் தங்களை அர்ப்பணித்தார்கள்". இரண்டாம் குழியில் நிலத்தடி நீர் பீறிட்டபோது ஐந்து பேர் "இயற்கையோடு கலந்தார்கள்".

ஆக, ஐம்பது வருடத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை.

சுருக்கம் நாற்பது நிமிடம் ஓடியது. தனகோட்டி வெயிலில் கிடந்தான். அதன் பிறகு ஆம்புலன்ஸ் நான்கே நிமிடத்தில் வந்து சேர்ந்தது. பலத்த கைதட்டல்.

செந்தில்நாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், பிரியாணி ஆறிடும். ஆம்புலன்ஸை மெயின் கேட்டோட திருப்பிடலாமா?"

தனகோட்டி ஸ்ட்ரெச்சரில் வேண்டுமென்றே புரண்டான், அடிபட்ட விலா அடியில் மாட்டும்படி. அந்த அலறலில் மைக் ஸ்டாண்டுக்கு அருகே இருந்த நாய் எழுந்து ஓடியது.

ஜெனரல் மேனேஜருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"என்னய்யா நடிப்பு இது. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோங்க. வீடியோ எடுத்துக்கோங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் திலகவதி, வீடியோக்காரர் வெளியே போகும்வரை காத்திருந்து, திரையை இழுத்துவிட்டாள்.

"போன வருஷம் வந்தவருக்கு இடுப்பு. அதுக்கு முந்தின வருஷம் தோள்பட்டை. உங்களுக்கு எங்கண்ணே?"

அவள் கையில் எக்ஸ்ரே சீட்டு தயாராக இருந்தது. தேதி, வார்டு, கையெழுத்து எல்லாம் காலையிலேயே போட்டுவைத்துவிட்டாள். உறுப்பின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.