சாத்திய கதவு

குழந்தையின் எடையை ஆய்வுப் படிவத்தில் எழுதினாள் அருள்மொழி. ஒன்றே முக்கால் கிலோ. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

குழந்தையைப் பெற்ற கண்ணாயி பயந்துபோனாள். "ஏனுங்க மேடம், குறைமாசப் புள்ள. பொழைச்சுக்குமுங்களா?"

"பொழைக்கும் அக்கா. துணி விலக்கி, வெறும் நெஞ்சோட அணைச்சே வச்சிருங்க. தலைக்குக் குல்லா போடுங்க. இப்போதைக்குக் குளிப்பாட்ட வேண்டாம். நீங்க அசந்தா உங்க ஊட்டுக்காரர் நெஞ்சுல வச்சுக்கட்டும்."

"அவருங்களா? வெக்கத்துல மிளகுக்கொடி மரத்துல ஏறி ஒளிஞ்சுக்குவாருங்க!"

வாராவாரம் அருள்மொழி வந்தாள். வளப்பூரில் எடை குறைவாகப் பிறந்த பதினோரு குழந்தைகளின் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு இதையே சொன்னாள். மூன்று மாதத்தில் பதினொன்றும் தேறிவிட்டன.

ஆய்வு அலுவலகத்தில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"அரியூர்ல பெத்தவங்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, வளப்பூர்ல எதுவும் சொல்லாம எடை மட்டும் போட்டோம். ரெண்டு ஊர்லயும் குழந்தைங்க ஒரே மாதிரி தேறியிருக்கு. அப்ப பயிற்சியால பலன் இல்லைன்னுதானே அர்த்தம்? மத்த ஊருங்களுக்குக் கொண்டுபோக வேண்டாம். நிறுத்திரலாம்."

உண்மையைச் சொன்னால் அருள்மொழியின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், மலையில் இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பாடம் போய்ச் சேராது.

"வளப்பூர்ல நீ ஒண்ணும் சொல்லித்தரலையேம்மா?" டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அருள்மொழி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.