சித்தார்த்துக்கு எவ்ளோ?

ராயபுரத்து ஸ்கேன் மையத்தில் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் எடுக்கும் ஐரீன், கார்குழலியின் நெற்றிப்பொட்டில் கருவியை வைத்தாள். அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோயால் அந்தப் பெண்ணின் மூளை ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றனவா என்று வருடாவருடம் பார்ப்பது வழக்கம். போன வருடம் ரத்தத்தின் வேகம் ஆபத்து எல்லையான இருநூறைத் தாண்டியிருந்தது. மாதாமாதம் ரத்தம் ஏற்றியதில் இன்று நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது.

"நல்லா கொறஞ்சிடுச்சுக்கா," என்றாள் ஐரீன்.

"பத்தாவதுல இஸ்கூல் ஃபஸ்ட்டு சிஸ்டர் எம் பொண்ணு," என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் தாய் ரமாபாய்.

அப்போது மெஷினின் ஸ்பீக்கரில் இன்னொரு துடிப்பு கேட்டது. கார்குழலியின் துடிப்போடு அது சேரவில்லை. ஐரீன் கருவியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் பார்த்தாள். தன்னுடையது மட்டும்தான் கேட்டது. மறுபடி பெண்ணிடம் வைத்ததும் இரண்டும் வந்தன.

"பேஜாராவாத சிஸ்டர். அது இவ அண்ணன் சித்தார்த்து," என்றாள் ரமாபாய். "இதே நோவுல ஏழு வயசுல பூட்டான். அவனுக்கு எவ்ளோ கீது?"

ஐரீன் கருவியை லேசாக நகர்த்தினாள். அந்த இரண்டாவது துடிப்பை அளந்தாள்.

"நூத்திப்பத்து."

பரிசளிப்பு விழாவில் மகன் பெயரைக் கூப்பிட்டதுபோல ரமாபாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தேறிட்டான் பாத்தியா!" என்றாள் மகளிடம்.

ஐரீன் கருவியைத் துடைத்து, மெஷினை அணைத்தாள். அணைந்த ஸ்பீக்கரில் அந்தத் துடிப்பு இன்னும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.