கையேட்டில் ஒரே பெயர்

"இது நான் கண்டுபிடிச்சதுடி. வரிக்கு வரி அப்படியே இருக்கு. ஆனா கீழ பாரு, யார் பேருன்னு!"

அவள் தன் கணினித் திரையைப் பக்கத்து நாற்காலிக்காரியின் பக்கம் திருப்பினாள்.

கம்பெனி ஒரு ஏஐ ஏஜென்ட்டை வாங்கியிருந்தது. இணையப் பக்கங்களில் வரும் கோளாறுகளை இனி அதுவே தேடிப் பிடிக்குமாம். பிரவுசருக்குள் இருக்கும் கன்சோல் மாதிரியான பிழைதேடும் கருவிகளை எப்போது திறப்பது, எங்கே பார்ப்பது, எதை நம்பக் கூடாது என்றெல்லாம் அதற்குப் புரிகிற மாதிரி ஒரு கையேடு எழுத வேண்டும். அந்தப் பொறுப்பு குழுவிலேயே மூத்தவரிடம் போயிற்று. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே, 'இந்த வேலையைச் செய்து வந்தவர்' என்று ஒரு பெயர் போடச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

ஆட்குறைப்பு வரப்போகிறது என்பது ஊரறிந்த ரகசியம். கையேட்டில் பேர் இருக்கிறவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்று கேன்டீனில் பேச்சு.

மூத்தவர் ஒரு பகுதி விடாமல் தன் பெயரையே போட்டிருந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, அந்த ஆளு ஊமைக்கோட்டான்னு!" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. "வாயில விரல வெச்சா கடிக்கத் தெரியாத மாதிரி இருந்துட்டு, எல்லாரையும் முழுங்கி ஏப்பம் விட்டுட்டாரு பாத்தியா?"

அவளுக்கு அம்மாவின் நினைப்புதான் வந்தது. அம்மாவுக்கு வாராவாரம் டயாலிசிஸ், கம்பெனிக் காப்பீட்டில்தான் ஓடுகிறது. அது நின்றுபோனால் அம்மா... அதற்கு மேல் நினைக்க மனம் வரவில்லை.

எழுந்து நேராக அவர் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, அந்தப் பட்டன் கோளாறப் பிடிச்சது யாரு?"

அவர் நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.

"கன்சோல்ல ஒரு பிழையும் காட்டல, பக்கம் நல்லா இருக்குன்னு உங்க ஏஜென்ட் சர்ட்டிபிகேட் குடுத்துச்சு. கன்சோல் பேசாம இருந்தா கோளாறு இல்லைன்னு அர்த்தமில்ல, நெட்வொர்க்கை வேணும்னே மந்தமாக்கிப் பாருங்க, பட்டன் செத்துப்போறது தெரியும்னு சொன்னது யாரு?"

"எல்லாரும் சேர்ந்து பாத்ததுதானேம்மா."

"அப்ப எல்லார் பேரும் எங்க?"

அவர் அடுத்த வரியைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரி நாட்களில் இவள் வேலையையும் சேர்த்துப் பார்த்த மனுஷன். 'நீ கெளம்பும்மா, நான் பாத்துக்கறேன்' என்று சொன்ன வாயா இது? அதற்கெல்லாம் சேர்த்து இப்போது வசூல் பண்ணுகிறாரோ?

விடுவதாயில்லை. மேனேஜர் அறைக்கே போய்விட்டாள். அவர் மூத்தவரை அழைத்தார்.

"என்னங்க, நெட்வொர்க் பகுதி இவங்க வேலையாமே?"

மூத்தவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இவங்களுக்கு அதெல்லாம் வராது சார். நான் செய்றப்ப பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்தாங்க. அவ்வளவுதான்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். பேசாமல் வெளியே வந்து, கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுது தீர்த்தாள்.

அதன் பிறகு யாரும் அவரோடு சாப்பிட உட்காரவில்லை. ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, மறுபடி எழுத உட்கார்ந்துவிடுவார். அவள் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

கையேடு முடிந்த வாரத்தில் ஒரு மாலை. ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் லிஃப்ட்டுக்குள் போனார். உள்ளே எரிந்த ஆத்திரம் அவள் வாயில் வந்துவிட்டது.

"மேல் மாடிக்கு மாத்திட்டாங்களா சார்? நீங்க எழுதின எழுத்துக்குப் பெரிய நாற்காலியாத்தான் போட்டிருப்பாங்க!"

அந்த 'சார்' எங்கோ தைத்திருக்க வேண்டும். ஒரு கணம் அவளையே பார்த்தார்.

"இல்லம்மா. கீழதான். அம்மாவப் பாத்துக்க."

கதவு மூடிக்கொண்டது.

அவள் திரும்பி வந்தபோது அவருடைய மேசை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேனேஜர் நின்றுகொண்டு கணினியின் ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு எங்க போறாரு சார்?"

"வீட்டுக்குத்தான். இன்னியோட அவருக்கு இங்க வேலை இல்ல." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "எந்த வேலைய ஏஜென்ட் கத்துக்குதோ, அதச் செஞ்சிட்டு இருந்தவங்கள அனுப்பிடணும்னு மேலிடத்து உத்தரவு. அதுக்காகத்தான் பேரு போடச் சொன்னது. உங்க குழுவே காலியாயிடும்னு நினைச்சேன். நல்லவேளை, உங்க யார் பேரும் அதுல இல்ல."

அவள் காலியான மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்கு... இது தெரியுமா சார்?"

"தெரியுமாவா? எழுத உக்காந்த அன்னிக்கே அவர்கிட்ட மட்டும் சொல்லிட்டேனே!"